ஜூபார் மலை, மே 29

மேஜர் மாரியப்பன் சரவணன் உயிரிழந்த அன்று, அவர் எதற்காக ஏறினாரோ அந்த முகடு பிடிபடவில்லை. கார்கில் போரில், 1999ஆம் ஆண்டு மே 29ஆம் தேதி விடியற்காலையில் நடந்த அந்தத் தாக்குதல் இலக்கை எட்டாமல் நின்றுபோனது. அவருடைய படைப்பிரிவான பிகார் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் ஜூபார் மலையை முழுமையாகக் கைப்பற்ற ஜூலை முதல் வாரம் ஆயிற்று. அவரைப் பற்றிய பேச்சுகளில் இந்தச் செய்தி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. வீரத்தைப் பேசும்போது வெற்றியையும் சேர்த்துப் பேசினால்தான் மரியாதை என்று நாம் எப்படியோ பழகிவிட்டோம். எனக்கோ, மலை பிடிபடவில்லை என்று அறிந்த பிறகுதான் அவர் மீதான மதிப்பு வேறோர் ஆழத்துக்குப் போயிற்று.

சரவணன் ராமேஸ்வரத்தில் பிறந்து திருச்சியில் படித்தவர். தந்தையும் ராணுவ அதிகாரி. கார்கில் போரில் இறந்தபோது சரவணனுக்கு 26 வயது. கன்டோன்மெண்ட் பகுதியில் இருக்கும் அவருடைய நினைவிடத்தைக் கடந்து செல்லும் பேருந்துகளில் நான் பல ஆண்டுகள் பயணம் செய்திருக்கிறேன். அவர் இறந்த கோடையில் நான் பத்தாம் வகுப்புக்குப் போகவிருந்த சிறுவன். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது குண்டுச் சத்தமோ தொலைக்காட்சியில் பார்த்த பீரங்கிப் புகையோ அல்ல; காத்திருப்புதான். ஊரைச் சேர்ந்த ஓர் அதிகாரி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்துவிட்டது, ஆனால் உடல் வரவில்லை. எதிரியின் துப்பாக்கிகளுக்கு நேர் எதிரே, அவர் விழுந்த சரிவிலேயே அது கிடந்தது. எடுத்துவர முயன்றவர்களாலும் நெருங்க முடியவில்லை. ஜூன் மாதம் முழுவதும் அப்படியே கழிந்தது. பள்ளி திறந்து, புதிய புத்தகங்களுக்கு அட்டை போட்டு, முதல் இடைப்பருவத் தேர்வும் நெருங்கிவிட்டது. காலையில் நாளிதழைப் பிரிக்கும் என் அம்மா, தனக்கு முன்பின் தெரியாத ஒரு தாயை நினைத்து, "இன்னும் கொண்டு வரலையாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போவார். ஜூலை மாதத் தொடக்கத்தில்தான் உடல் மீட்கப்பட்டது. ஒரு மாதத்துக்கும் மேற்பட்ட அந்தக் காத்திருப்பு எந்த விருதிலும் எழுதப்படுவதில்லை.

என் மாமா ஒருவர் மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தில் இரண்டு ஆண்டுகள் லடாக்கில் இருந்திருக்கிறார். போர் முடிந்து, அந்த ஆண்டு ஆகஸ்டில் வீர விருதுகள் அறிவிக்கப்பட்டு, சரவணனுக்கு மறைவுக்குப் பின் வீர் சக்ரா என்ற செய்தி வந்தபோது, விருதுக்கான குறிப்பில் இருந்த விவரங்களை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். நான் ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிட்டேன். அவர் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். இந்த முறை ஒவ்வொரு வாக்கியத்திலும் நிறுத்தினார். ஒரு விருதுக் குறிப்பை எப்படிப் படிக்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது அன்று மாலைதான்.

முதல் வாக்கியம், 14,000 அடிக்கு மேல் இருந்த வலுவான எதிரி நிலையைக் கைப்பற்றும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது என்பது. மாமா கேட்டார், "பதினாலாயிரம் அடின்னா உனக்கு என்ன தெரியும்?" எனக்கு எதுவும் தெரியவில்லை. அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான். அதனால்தான் ராணுவத்தில் உயரத்துக்கு உடலைப் பழக்க நாள் கணக்கு வைத்திருக்கிறார்கள். 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரை ஆறு நாட்கள், அதற்கு மேல் 15,000 அடி வரை இன்னும் நான்கு நாட்கள். பழகாத உடலோடு வேகமாக ஏறினால் நுரையீரலில் நீர் கோத்து, துப்பாக்கிக் குண்டு படாமலே ஆள் இறந்துபோகலாம். பழகிய உடலுக்கும்கூட, ஆயுதமும் தோட்டாப் பெட்டியும் தண்ணீரும் சுமந்து செங்குத்துச் சரிவில் பத்தடி ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கும். "அங்க ஓட முடியாது தம்பி. சார்ஜ்னு எழுதியிருக்காங்களே, அது நடைதான். குண்டு வர்ற பக்கமா நடக்குறது," என்றார் மாமா. பாய்ந்து தாக்குதல் என்று நாளிதழ்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொற்கள்தான் கேட்கும்.

அடுத்து, அதிகாலை நான்கு மணி. அந்த நேரத்தைப் படித்ததும் அவர் சிறிது நேரம் பேசவில்லை. மலையில் தாக்குபவனுக்கு இருக்கும் ஒரே மறைப்பு இருட்டுதான். மரம் இல்லை, புதர் இல்லை. சிந்து நதிப் பள்ளத்தாக்கிலிருந்து எழும், ஜூபார் மலை இருக்கும் படாலிக் பகுதியின் முகடுகள் வெறும் பாறையும் உடைகல்லும்தான். இரவெல்லாம் ஏறி, பொழுது புலர்வதற்குள் எதிரியின் நிலைக்குள் புகுந்துவிட வேண்டும். புக முடியாமல் சரிவில் நிற்கும்போது வெளிச்சம் வந்துவிட்டால், மேலே இருப்பவனுக்கு ஒவ்வொரு ஆளும் தனித்தனியாகத் தெரிவான். நாளிதழ்கள் பங்கர் என்று எழுதியவை பல இடங்களில் சிமென்ட் கட்டடங்கள் அல்ல, கற்களை அடுக்கி எழுப்பிய சங்கர் என்னும் அரண்கள். அங்கேயே கிடைக்கும் பாறையால் கட்டப்பட்டவை என்பதால், சுடும் வரை அவை கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிறகு, அவர் ராக்கெட் லாஞ்சரால் எதிரி நிலையைத் தாக்கி இருவரை வீழ்த்தினார் என்ற வாக்கியம். இதைக் கேட்டதும் மாமா எழுந்து நின்று, தோளில் ஒரு குழாயைத் தாங்குவது போலக் கையை வைத்துக் காட்டினார். காலாட்படையில் இருக்கும் அந்த ஆயுதம் ஒருவர் சுடவும் மற்றொருவர் குண்டு நிரப்பவுமாக இருவர் சேர்ந்து இயக்குவது. சுடும்போது முன்பக்கம் குண்டு போவது போலவே பின்பக்கம் தீயும் புழுதியும் பீறிடும். இருட்டில் அது ஒரு விளக்கை ஏற்றிக் காட்டுவதற்குச் சமம். சுட்டவர் எங்கே இருக்கிறார் என்று மலை முழுவதற்கும் தெரிந்துவிடும். ஆகவே அதைத் தூக்கிச் சுடுபவர், அடுத்த நொடியில் எல்லாத் துப்பாக்கிகளும் தன் பக்கம் திரும்பும் என்பதை அறிந்தேதான் சுடுகிறார். கம்பெனியை நடத்தும் அதிகாரி செய்ய வேண்டிய வேலை பொதுவாக அது அல்ல என்றும் மாமா சொன்னார். அதிகாரியே அதைக் கையில் எடுத்தார் என்றால் அந்தச் சரிவில் நிலைமை எந்த இடத்துக்குப் போயிருக்கும் என்பதை அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

குண்டுச் சிதறல்கள் பட்டுக் காயமடைந்த பிறகும் சரவணன் பின்வாங்கவில்லை, மேலும் இருவரை வீழ்த்தினார், பின்னர் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். குறிப்பு சொல்வது அவ்வளவுதான். மலை பிடிபட்டதாக அதில் இல்லை. சிறுவனுக்கே உரிய ஏமாற்றத்தோடு, "அப்போ தோத்துட்டாங்களா மாமா?" என்று கேட்டேன். இன்றுவரை அந்தக் கேள்விக்காக வருந்துகிறேன். அவர் கோபப்படவில்லை. "மெடல்ல எழுதியிருக்கறத பாரு, எதிரிக்கு முன்னாடி என்ன செஞ்சான்னுதான் கேக்குறாங்க. ஜெயிச்சியான்னு கேக்கல," என்றார்.

பின்னாளில் நானே தேடிப் படித்தபோது அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி என்று தெரிந்தது. வீர் சக்ரா 1950ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா ஆகியவற்றுக்கு அடுத்து, போர்க்கால வீரத்துக்கான மூன்றாவது விருது. வெள்ளியால் ஆன வட்டப் பதக்கம். முகப்பில் ஐந்து முனை நட்சத்திரம், அதன் நடுவே சக்கரம். நாடா பாதி கருநீலமும் பாதி காவியும். நிலத்திலோ கடலிலோ வானிலோ எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்காக அது தரப்படுகிறது. எதிரியின் முன்னிலையில் என்ற அந்தச் சொற்றொடர்தான், எதிரியின் முன்னிலையில் அல்லாத வீரத்துக்குத் தரப்படும் அசோக சக்ரா வரிசையிலிருந்து இந்த வரிசையைப் பிரிப்பது. சண்டையின் முடிவு என்ன ஆயிற்று என்பதைப் பற்றி விதி எதையும் கேட்பதில்லை.

அது கேட்காததை நாம் கேட்டுவிடுகிறோம். கார்கில் போரைப் பற்றிய நம் நினைவு ஜூன் நடுப்பகுதியில் தொடங்குகிறது என்று எனக்கு அடிக்கடி தோன்றும். ஜூன் 13 அன்று தோலோலிங் பிடிபட்டது, பிறகு டைகர் ஹில், பிறகு பாயிண்ட் 4875, கடைசியில் போர் முடிந்த ஜூலை 26. உச்சியில் கொடியோடு நிற்கும் வீரர்களின் படங்கள் எல்லாம் அந்தக் காலத்தவை. மே மாதத்துக்குப் படங்கள் இல்லை. கர்கோன் கிராமத்தைச் சேர்ந்த தாஷி நம்கியால் என்ற மேய்ப்பர் மே 3 அன்று, காணாமல்போன யாக்கைத் தேடிச் சென்ற இடத்தில் அந்நியர்களைக் கண்டு ராணுவத்துக்குத் தகவல் சொன்னார். அவர் கண்டது இதே படாலிக் பகுதியில்தான். மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் யார், எவ்வளவு ஆயுதம் வைத்திருக்கிறார்கள் என்பது தெளிவாவதற்கு வாரங்கள் ஆயின. விமானப்படை மே 26 அன்றுதான் களமிறங்கியது. பிற்பாடு தோலோலிங்கிலும் டைகர் ஹில்லிலும் நூற்றுக்கு மேற்பட்ட பீரங்கிகள் ஒரே முகட்டை மணிக்கணக்கில் நொறுக்கிய பிறகு காலாட்படை ஏறியது; மே மாதத்தில் ஏறியவர்களுக்கு அந்த அளவு துணை இல்லை. எதிரில் இருப்பது என்ன என்பதை மற்றவர்கள் அறிந்துகொண்டதே, மே மாதத்தில் ஏறியவர்கள் திரும்பி வராததிலிருந்துதான். இப்படி எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் ஜூலையில் ஜூபாரில் வென்றவர்கள், மே 29 அன்று எந்தச் சரிவில் எந்தத் துப்பாக்கி திறந்தது என்பதை அறிந்தே ஏறினார்கள். அந்த அறிவை வாங்கிக் கொடுத்தவர்களில் சரவணன் ஒருவர்.

இன்னொருவர் நாயக் கணேஷ் பிரசாத் யாதவ். பிகார் மாநிலத்துக்காரர், அதே பட்டாலியன், அதே ஜூபார் தாக்குதல், அதே மே 29. அவருக்கும் மறைவுக்குப் பின் வீர் சக்ரா வழங்கப்பட்டது. தமிழில் சரவணனைப் பற்றி வந்தவற்றில் நான் அவருடைய பெயரைக் கண்டது மிகக் குறைவு. பிகாரில் அவரைப் பற்றி எழுதுபவர்கள் சரவணனை எவ்வளவு தூரம் குறிப்பிடுவார்களோ! இறந்தவர்களை மாநிலம் மாநிலமாகப் பிரித்து நினைப்பது நம் வழக்கமாகிவிட்டது. அவர்கள் இருந்தது ஒரே படைப்பிரிவில். அதிகாரி திருச்சிக்காரர், வீரர்களில் பெரும்பாலோர் வேறு மொழி பேசும் வேறு மாநிலத்தவர்கள். வேறு தாய்மொழி கொண்ட ஓர் அதிகாரியின் கட்டளைக்கு ஒரு வீரன் இருட்டில் ஏறுகிறான் என்பதும், தாய்மொழி அல்லாத மொழியில் தன் கடைசிக் கட்டளைகளை ஓர் அதிகாரி சொல்கிறான் என்பதும் எனக்கு அந்த விருதுக் குறிப்புகளுக்கு இணையான செய்திகள்.

ஒரு வீரச் செயல் விருதாக மாறுவதற்கு முதலில் அதை யாரேனும் பார்த்திருக்க வேண்டும். பார்த்தவர் உயிரோடு திரும்பியிருக்க வேண்டும். கமாண்டிங் அதிகாரி உடனிருந்தவர்களிடம் கேட்டுப் பரிந்துரை எழுதுவார். அது பிரிகேட், டிவிஷன், கோர் எனப் படிப்படியாக மேலே ஏறி, ராணுவத் தலைமையகத்தையும் பாதுகாப்பு அமைச்சகத்தையும் கடந்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் போகும். ஒவ்வொரு படியிலும் வாக்கியங்கள் சுருங்கும். கண்டவர் எவரும் மிஞ்சாத இடத்தில் நடந்தவை எந்தப் படியிலும் ஏறுவதில்லை. கார்கிலில் இறந்த 527 பேரில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல எவராலும் முடியாது. மாமாவுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. விருது பெற்றவனை மதிப்பார், பெறாதவனைக் குறைத்துப் பேச விடமாட்டார்.

போரில் இறந்தவனை நினைப்பதில் தமிழர்களுக்கு நெடிய பழக்கம் உண்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் கண்டெடுத்த தமிழ்ப் பிராமி நடுகற்களில் ஒன்று, கூடலூர் ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த அந்தவன் என்பவனுக்கு எடுக்கப்பட்டது. ஆள் யார், பூசல் எது என்ற இரண்டை மட்டும் அது சொல்கிறது. ஆநிரை யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று சொல்லவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்துச் செங்கம் பகுதியில் எழுந்த நடுகற்களில் "தொறு மீட்டுப் பட்டான்" என்றும் இருக்கிறது, "தொறுக்கொண்ட ஞான்று பட்டான்" என்றும் இருக்கிறது. முன்னவன் மாட்டை மீட்டுவிட்டு இறந்தவன். பின்னவன் மாடு கவரப்பட்ட நாளில் இறந்தவன். இருவருக்கும் கல் உண்டு. மீட்டவனுக்குக் கல் உயரம், மீட்காதவனுக்குக் குட்டை என்ற கணக்கை நம் முன்னோர் வைத்திருக்கவில்லை. நான் மாமாவிடம் கேட்ட கேள்வியை அந்தக் கல்லைச் செதுக்கியவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதற்கு நேர்மாறான கற்களும் நம்மிடம் இருக்கின்றன. முதல் உலகப்போருக்குப் பிறகு ஆங்கில அரசு பல ஊர்களில் பதித்த சலவைக்கல் பலகைகளில், இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று இருக்கும். எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து சென்று, 70,000 பேருக்கு மேல் இறந்த அந்தப் போரில், ஊர்ப் பலகையில் ஒரு தாய் தன் மகனைத் தடவிப் பார்க்க ஓர் எழுத்துக்கூட இருந்ததில்லை.

உடலைப் பொறுத்தும் கார்கில் ஒரு திருப்பம். அதற்கு முந்தைய போர்களில் இறந்தவர்களுக்குப் பெரும்பாலும் போர்க்களத்துக்கு அருகிலேயே இறுதிச் சடங்கு நடந்துவிடும். வீட்டுக்குச் சாம்பலோ உடைமைகளோ ஒரு கடிதமோ வரும். 1971 போரில் கங்காசாகரில் இறந்து பரம் வீர் சக்ரா பெற்ற லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா பிறந்தது இன்றைய ஜார்க்கண்டில். அடக்கம் செய்யப்பட்டதோ திரிபுராவில். 1999இல்தான் உடல்கள் மூவர்ணக் கொடி போர்த்திச் சொந்த ஊர்களுக்கு வரத் தொடங்கின. இந்த வழக்கம் இல்லாதிருந்தால் என் அம்மா அந்த ஜூன் மாதம் முழுவதும் நாளிதழைப் பார்த்துக் காத்திருந்திருக்க மாட்டார். வரும் என்று எதிர்பார்க்கத் தொடங்கிய பிறகே வராமல் இருப்பதும் வலித்தது.

புதுதில்லியில் இந்தியா கேட் அருகே தேசியப் போர் நினைவகம் 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் இறந்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் தியாக சக்ரா என்ற வட்டத்தின் கருங்கல் சுவர்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பரம் வீர் சக்ரா பெற்றவர்களுக்குத் தனியே மார்பளவுச் சிலைகள் உண்டு. ஆனால் சுவரில் விருது பெற்றவனும் பெறாதவனும் ஒரே அளவுக் கல்லில்தான் இருக்கிறார்கள். வேறொரு வேலையாகத் தில்லிக்குப் போன நான் ஒரு மாலையில் அங்கே சென்றேன். பெயரைத் தேடிச் சுவரைக் காட்டும் திரை ஒன்று இருந்தது. அதன் முன் எனக்கு முன்னால் நின்ற ஒரு முதியவர் எழுத்துகளைத் தட்டத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார். ஒரு காகிதத்தில் எழுதிவைத்திருந்த பெயரை என்னிடம் நீட்டினார். தட்டிக் கொடுத்தேன். சுவர் எண்ணை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே நடந்து போனார். அதன் பிறகு சரவணனைத் தேடி, சுவரைக் கண்டுபிடித்து, அந்தக் கல்லின் முன் நின்றேன். வெயில் அன்றைக்குக் கடுமை. கல் இன்னும் சூடாக இருந்தது.

அங்கிருந்தே மாமாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அவருக்கு எழுபது கடந்துவிட்டது, காது சற்று மந்தம். சரவணன் பெயருக்கு முன்னால் நிற்கிறேன் என்று இரண்டு முறை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் சிறிது நேரம் அமைதியாக இருந்தார். பிறகு, இருபது ஆண்டுகளுக்கு முன் நான் வாசித்துக் காட்டிய ஒரு பெயரை மறக்காமல் கேட்டார்.

"அந்த யாதவ் பையன் பக்கத்துல இருக்கானா, பாரு."

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரையை நோக்கித் திரும்ப நடந்தேன்.